நானூற்று முப்பத்தொன்று

அந்த மோட்டார் மாத இதழின் அலுவலகத்தில் அவளுக்குக் 'கடைசிச் சொட்டு' என்று பட்டப்பெயர். எந்த மின்சாரக் காரைக் கொடுத்தாலும், பேட்டரி சுத்தமாகத் தீர்ந்து நடுரோட்டில் நிற்கும்வரை ஓட்டிவிட்டு, இழுவை வண்டியில் ஏறித் திரும்பி வருவாள். கம்பெனிக்காரன் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடும் என்று அச்சடித்திருப்பான். அவனுக்கென்ன, காகிதமா ஓடப்போகிறது? இவள் ஓட்டிப் பார்த்து உள்ளதை எழுதுவாள். எப்போதும் அதே சாலை, நூறு கிலோமீட்டர் வேகம், ஏசி இருபத்திரண்டு. டயர் ஆறியிருக்கும்போதே காற்றை அளந்துவிடுவாள். குறிப்பேட்டில் முதல் வரியே டயர் அளவுதான்.

அவள் கட்டுரைகளில் ஒரு நக்கல் தவறாமல் வரும். 'மீதி எவ்வளவு ஓடும் என்று திரையில் காட்டுவதை நம்பாதீர்கள். அது பயந்தாங்கொள்ளி. நான் அளந்து சொல்வதை நம்புங்கள்.' வாசகர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். இதழின் ஆசிரியர் அவள் கணவரேதான். அவள் பேச்சை வீட்டிலும், எழுத்தை அலுவலகத்திலும் சுருக்குவது அவர் வேலை. பதினாறு வருடமாக அவளுக்கு அதில் பெரிய குறையில்லை. அச்சாகி வந்த தன் கட்டுரையை அவள் திரும்பப் படித்ததும் கிடையாது. எழுதியது எழுதியதுதானே என்று இருந்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, வண்டி நின்னுடுச்சு."

"எங்கடா?"

"இன்னும் இருபத்தெட்டு கிலோமீட்டர் இருக்கு. மணி ஒண்ணே முக்கால்."

தம்பிக்கு விவாகரத்தாகி இரண்டு வருடமாகிறது. ஏழு வயது மகள் முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, வேறோர் ஊரில் அம்மாவோடு இருக்கிறாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை, நீதிமன்றம் சொன்ன ஒரு மையத்தின் அறையில் வைத்துப் பார்க்கலாம். அரை மணி நேரம் தாமதித்தால் அன்றைய சந்திப்பு ரத்து. அதற்காகத்தான், அவள் ஓட்டிப் பார்த்து எழுதிய மின்சார எஸ்யூவியைப் போன வாரம் வாங்கினான். பிள்ளையைப் பார்க்கப் போக அறுநூறு குதிரை சக்தி எதற்கடா என்று அவள் கேலி செய்தபோது, "குதிரை சும்மா கூட வருதுக்கா, நான் வாங்கறது தூரத்தை" என்றான். அவள் அளந்து எழுதிய எண் நானூற்று முப்பத்தொன்று. நிற்காமல் போய்ச் சேர்ந்துவிடலாம்.

"வேகமா ஓட்டினியா?"

"நீ எழுதின மாதிரியே நூறுலதான் ஓட்டினேன். ஏசிகூட இருபத்திரண்டு."

"குறையறது திரையில தெரிஞ்சிருக்குமேடா. பாதி வழியில சார்ஜர் இருக்கே, போட்டிருக்கலாம் இல்ல?"

"குறைச்சுதான் காட்டுச்சு. நீதானேக்கா அது பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருந்த? சிரிச்சுக்கிட்டே தாண்டி வந்துட்டேன்."

வாடகைக் காரைப் பிடித்து அவன் போய்ச் சேர்ந்தபோது இரண்டே முக்கால். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். இழுவை வண்டி இறக்கிவிட்டுப் போன கார் வாசலில் நின்றது. அவன் வாங்கியபின் அவள் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கதவைக்கூடத் திறக்கவில்லை, சக்கரத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவள் ஓட்டியது இருபது அங்குலச் சக்கரம், ஒல்லி டயர். இவன் வண்டியில் இருபத்திரண்டு அங்குலம், டயர் உரல் மாதிரி அகலம்.

"இதைப் போட்டா எழுபது கிலோமீட்டர் போயிடும், தூரம் வேணும்னா தொடாதீங்கன்னு எழுதியிருந்தேனே, நீ படிக்கலையா?"

தம்பி உள்ளே போய் இதழை எடுத்து வந்து நீட்டினான். பக்கத்தின் மூலையெல்லாம் மடங்கிக் கிடந்தது, அத்தனை தடவை படித்திருக்கிறான். அவள் இரண்டு முறை தேடினாள். டயர் அளவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பெரிய எழுத்தில் 431 இருந்தது. அதற்குக் கீழே அவள் பெயரும், பக்கத்திலேயே பெரிய சக்கரம் மாட்டிய காரின் படமும்.

அவள் வீடு திரும்பியபோது கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இதழை மேசையில் போட்டாள்.

"டயர் வரியை யார் எடுத்தது?"

அவர் நிமிரவில்லை. "அந்தக் கம்பெனியில கேட்டுக்கிட்டாங்க. ஷோரூம்ல எல்லாமே பெரிய சக்கரம்தான் நிக்குது. அடுத்த வண்டியை முதல்ல நமக்குத்தான் ஓட்டக் குடுக்கறாங்க. உன் எண்ணுல நான் கைவெக்கலையே, அப்படியேதானே இருக்கு?"

என்ன சப்பைக்கட்டு! எண் உண்மைதான். அந்த உண்மையை வைத்தே அவளைப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்.

"தம்பி வாங்கப் போறான்னு உங்களுக்குத் தெரியும். அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"அவனுக்குச் சொன்னா உனக்குத் தெரிஞ்சிடும்."

"அவனாவும் கேக்கலையா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கேட்டான். பெரிய சக்கரம்னா தூரம் குறையுமா மாமான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அக்காதான் எழுதியிருக்காளே மாப்ள, அப்புறம் என்ன சந்தேகம்னு சொன்னேன்."

வெளியாள் யாராவது ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போயிருப்பாள். இந்த மனிதர் அவள் தம்பியின் முகத்துக்கு நேரே, அவள் பெயரைச் சொல்லியே கழுத்தை அறுத்திருக்கிறார். அந்த வாயிலிருந்து இன்னொரு வார்த்தை கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் எந்த எண்ணுக்குக் கீழும் தன் பெயர் வரக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி, பாதி மடித்த சட்டைமேல் வைத்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் தம்பியின் காரை வாங்கிக்கொண்டு அதே சாலையில், அதே வேகத்தில், வண்டி நிற்கும்வரை ஓட்டினாள். முந்நூற்று அறுபத்து மூன்று. சாயங்காலம் அவன் வீட்டில் உட்கார்ந்து, மாமா செய்தது உட்பட ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

"முந்நூத்தி அறுபத்திமூணுடா. பாதி வழியில ஒரு அரை மணி நேரம் சார்ஜ் போட்டுட்டா, அடுத்த தடவை ஒரு மணிக்கே போய் உக்காந்துடலாம்."

"சரிக்கா." போனைத் திறந்து அவள் பக்கம் நீட்டினான். "நான் ரயில்ல டிக்கெட் போட்டுட்டேன்."

"எதுக்குடா? இதுல எந்த வரியையும் யாரும் எடுக்கலை. நானே அளந்ததுடா."

அவன் முகத்தில் கோபமே இல்லை. கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"தெரியும்க்கா," என்றான். "அன்னிக்கும் நீ அளந்ததுதானே."