ஜெயித்த பேண்ட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெனிதா ஊசியும் நூலுமாக வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கழட்டுய்யா அத்த. வலது பாக்கெட்ல ஓட்ட கீது. ரெண்டு தையல் போட்டுத் தர்றேன்."

ஜான்சன் இரண்டு கையாலும் பேண்ட்டை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "ஊசிய கிட்ட கொண்டாராத. மேட்ச் முடியட்டும். அப்பால நீ தைப்பியோ கிழிப்பியோ, உன் இஷ்டம்."

"நாத்தம் கொடலப் புடுங்குது. அத்தப் போட்டுகினு கோயிலுக்கும் வர மாட்ட. சாமி பாத்துகினுதான் இருப்பாரு."

"சாமியும் ஸ்கோரு பாத்துகினு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மனைவியின் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்துவிட்டான்.

அது கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த வெள்ளை ட்ராக் பேண்ட். வெள்ளை என்று இப்போது சொல்வதற்கு நல்ல மனது வேண்டும். கலங்கரை கிரிக்கெட் கிளப் இந்த சீஸனில் ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச். அன்றைக்கு ஜான்சன் இதைத்தான் போட்டிருந்தான். அன்றிலிருந்து இதில் சோப்பும் படக்கூடாது, ஊசியும் படக்கூடாது. குப்பத்தில் மீன் நிறைய விழுந்த வலையை அன்றைக்கே யாரும் அலச மாட்டார்கள். அந்த நியாயத்தை அவன் பேண்ட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு மேட்ச் இதே பேண்ட்டில் தோற்றதை ஜெனிதா ஒருமுறை சுட்டிக் காட்டினாள். "தோத்தது பேட்ஸ்மேனு. பேண்ட்டு இன்னா பண்ணும்?" என்று கேட்டான். இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது?

ஆனால் சிரிக்கிற விஷயமாக அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீக்கின் கடைசி டிவிஷனில் கலங்கரை கடைசி இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது. கடைசியாக வருகிற டீமை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். இன்றைக்கு தி.நகர் டீமை ஜெயித்தால் ஒரு படி மேலே ஏறித் தப்பிக்கலாம். தோற்றால் கிளப் என்று ஒன்று இருக்காது. ஜான்சனுக்கு நாற்பத்து நாலு வயது. மற்ற ஆறு நாளும் படகு, வலை, ஐஸ் பெட்டி. ஏழாவது நாள் அவன் கேப்டன். அந்த ஒரு நாளில் அவன் கையைக் காட்டினால் பத்துப் பேர் அவன் காட்டிய இடத்தில் போய் நிற்பார்கள். வேறு எங்கேயும் அவனுக்கு அது நடப்பதில்லை.

டீமில் பாதிப் பேர் ஆற்றோரத்தில் இருந்தவர்கள். அரசாங்கம் வீடுகளை இடித்த பிறகு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இருட்டிலேயே எழுந்து, இரண்டு பஸ் மாறி, கிட் பையோடு மயிலாப்பூர் வந்து இறங்குவார்கள். மேட்ச் இல்லையென்றால் எதற்கு வரப் போகிறார்கள்? முதல் வாரம் போன் வரும். அப்புறம் கல்யாணத்திலும் சாவிலும்தான் பார்த்துக்கொள்ள முடியும். இது ஜான்சனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நான்கு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. பரத்தைப் பற்றித்தான் கவலை அதிகம். உணவு டெலிவரி பைக் ஓட்டுகிற பையன், டீமில் உருப்படியாக பேட் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள். போன வருஷமே தி.நகர் டீம் அவனைக் கூப்பிட்டது. "இந்த ஒரு சீஸன் மட்டும் இருடா" என்று ஜான்சன் கெஞ்சினான். பரத் இருந்தான். எட்டு மேட்ச் தோற்பதைக் கூடவே நின்று பார்த்தான்.

கார்ப்பரேஷன் மைதானத்தில் வழக்கம்போல ஒரே நேரத்தில் மூன்று மேட்ச் நடந்துகொண்டிருந்தது. ஒரு மேட்ச்சின் லாங் ஆன் இன்னொரு மேட்ச்சின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் நிற்பான். டாஸுக்கு முன்னால் ஜான்சன் எல்லோரையும் வேப்பமரத்தடியில் கூட்டினான்.

"அம்பயர் இன்னா சொன்னாலும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணுங்க."

அதற்குக் காரணம் இருந்தது. இந்த டிவிஷனுக்கென்று தனியாக அம்பயர் வர மாட்டார்கள். பேட்டிங் பண்ணுகிற டீம்தான் ஆள் தர வேண்டும். அவுட்டாகி வந்தவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் நிற்பான். கலங்கரை ஆட்கள் அம்பயராக நின்றால் விரலுக்கு வாதம் வந்துவிடும் என்று லீக் முழுக்கப் பேச்சு. அதில் உண்மையும் இருந்தது. ஒரு மேட்ச்சில் அது கைகலப்பாகி, லீக் செயலாளர் துரைராஜ், "இன்னொரு தடவை கிரவுண்ட்ல சண்டைன்னு வந்துது, பேரையே அடிச்சிடுவேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த அவமானம் ஜான்சனுக்கு இன்னும் ஆறவில்லை. தோற்றாலும் திருட்டுப் பட்டம் வேண்டாம் என்று நினைத்தான். தோற்கவும் முடியாது என்றும் நினைத்தான்.

தி.நகர் நூற்று முப்பத்தொன்று எடுத்தது. அப்படியொன்றும் பெரிய ஸ்கோர் இல்லை. ஜான்சன் மூன்றாவது ஆளாகப் போய், சந்தித்த முதல் பந்தையே மிட் ஆஃப் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினான். பேடைக் கழற்றிவிட்டு, தொப்பியை வாங்கிக்கொண்டு அம்பயராகப் போனான். அவனிடம் ஆறு சோழிகள் இருந்தன. வலையில் சிக்கி வந்தவை, விரல் நுனி அளவுதான். ஓவர் தொடங்கும்போது ஆறும் வலது பாக்கெட்டில் இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றை எடுத்து இடது பாக்கெட்டில் போடுவான். வலது காலியானால் ஓவர்.

கடைசி ஓவர் அவன் முனையிலிருந்து வந்தது. எட்டு ரன் வேண்டும். கடைசி ஜோடி. பரத் பேட்டிங் முனையில் நின்றான். ஜான்சனுக்குப் பக்கத்தில் நெடுஞ்செழியன் நின்றான், பேட்டை ஊன்றுகோலாகத்தான் பிடிக்கத் தெரியும் அவனுக்கு. ஜான்சன் இடது பாக்கெட்டிலிருந்து சோழிகளை அள்ளி வலதில் போட்டான்.

முதல் பந்து கவர் வழியாக ஃபோருக்குப் போனது. மரத்தடியில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அம்பயர் சந்தோஷப்படக் கூடாது. ஜான்சன் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு கையை ஆட்டினான். ஒரு சோழி இடம் மாறியது. அடுத்த பந்தை பரத் விட்டுவிட்டான். அதற்கடுத்ததில் இரண்டு ரன் ஓடினார்கள். இன்னும் இரண்டே ரன். கணுக்காலில் என்னவோ உறுத்தியது. நெருஞ்சி முள்ளாக இருக்கும் என்று காலை உதறிக்கொண்டான்.

நான்காவது பந்து பரத்தின் கால் பேடில் பட்டது. பதினொரு பேரும் ஜான்சனைப் பார்த்துக் கத்தினார்கள். தி.நகர் கேப்டன் அனிருத் விக்கெட் கீப்பர். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பிட்ச்சின் பாதிவரை ஓடி வந்தான். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போயிருக்கும், அதை ஜான்சன் கண்ணால் பார்த்தான். ஆனால் தான் பார்த்ததைத் தானே நம்பலாமா என்று தெரியவில்லை. ஆசை கண்ணையும் மாற்றும் என்று அவனுக்கு இந்த சீஸன் கற்றுக்கொடுத்திருந்தது. அவுட் கொடுத்துவிட்டால் நேர்மையானவன் என்றாவது பெயர் வரும். கிளப் போய்விடும்.

"நாட் அவுட்" என்றான். முணுமுணுப்பாகத்தான் வந்தது. தலையை ஆட்டினான்.

"எதிர்பார்த்ததுதான்" என்றான் அனிருத், அவன் காதில் விழும்படி.

ஜான்சன் சோழியை மாற்றினானா இல்லையா என்று அவனுக்கே நினைவில்லை. தொட்டுப் பார்த்தான், மாற்றியிருந்தான். மனக்கணக்கு கலைந்துவிட்டது. பரவாயில்லை, பாக்கெட் இருக்கிறதே. அடுத்த பந்துக்கு பரத் பேட்டை ஓங்கி வீசினான், அது காற்றைத்தான் அடித்தது. ஜான்சன் ஒரு சோழியை இடது பக்கம் போட்டுவிட்டு, வலது பாக்கெட்டில் மறுபடி கையை விட்டான். ஒன்றும் இல்லை. விரலால் துழாவினான். துணிதான் தட்டுப்பட்டது. அவ்வளவுதானா? முடிந்துவிட்டதா? இன்னொன்று இருந்துவிடக் கூடாதா என்று உள்ளம் கதறியது. அந்தக் கதறலைக் கேட்டதும்தான் அவன் ரோஷம் விழித்துக்கொண்டது. இல்லாத பந்தைக் கொடுக்கிறவன் இல்லை ஜான்சன்.

"ஓவர்" என்றான், இப்போது சத்தமாக.

தி.நகர் பையன்கள் துள்ளிக் குதித்தார்கள். நெடுஞ்செழியன் மட்டும் அசையாமல் நின்றான். "அண்ணே, இன்னும் ஒண்ணு கீதுண்ணே."

"வாய மூட்றா. சத்தியம் பண்ணியா இல்லியா?"

"இல்லண்ணே, அஞ்சுதான் போட்டான். நான் இங்கியேதான நின்னுகினுகீறேன்…"

"எண்ணிட்டேன்டா!" ஜான்சன் பாக்கெட்டின் மேல் அடித்துக் காட்டினான். "காலி. பாத்துக்கோ. நம்ம ஆளு திருடன்னு இனிமே எவனும் பேசக்கூடாது."

அவன் கண் கலங்கியிருந்தது. தோற்றுவிட்டான், ஆனால் நேராகத் தோற்றுவிட்டான். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், தலையை நிமிர்த்திக்கொண்டு மரத்தடிக்கு நடந்து வந்தான்.

மரத்தடியில் அவன் மகள் ரோஸி ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டியிருந்தது. தி.நகர் கூச்சலில் யாருக்கும் அது கேட்கவில்லை. "அப்பா" என்றாள். "அஞ்சு பால்தாம்பா ஆச்சு. அவங்க ஸ்கோரரும் அஞ்சுன்னுதான் சொல்றான்."

துரைராஜ் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழவில்லை. ஜான்சன் அவர் முன்னால் போய் நின்றான். மிச்சமிருக்கிற ஒரு பந்தைப் போட விடச்சொல்லி பரத் கேட்டான்.

"அம்பயர் எண்ணினதுதான் எண்ணிக்கை. விதி அப்படித்தான் இருக்கு" என்றார் துரைராஜ். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அதுவும் உங்க ஆளுதானேப்பா அம்பயர். நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அனிருத் கை கொடுக்க வந்தவன், விஷயம் புரிந்து நின்றுவிட்டான். "ஸாரிண்ணா. அப்ப நான் சொன்னதுக்கும் ஸாரி" என்றான். பரத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே தன் ஆட்களோடு டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

பெரும்பாக்கத்துக்காரர்கள் பையைக் கட்டத் தொடங்கினார்கள். அடுத்த வாரம் என்று யாரும் சொல்லவில்லை. வழக்கமாக அந்த வார்த்தையைத்தான் முதலில் சொல்வார்கள். ஜான்சன் வேர்மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். கணுக்காலில் அந்த முள் இன்னும் உறுத்தியது. எலாஸ்டிக்கை இழுத்து விரலை உள்ளே விட்டான்.

முள் இல்லை. சோழி.

உள்ளங்கையில் அது வியர்வையோடு பளபளத்தது. ஊசியோடு வாசலில் நின்ற ஜெனிதாவின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டே இரண்டு தையல். கையை மூடிக்கொண்டு நிமிர்ந்தான். பேடைக்கூடக் கழற்றாமல் பரத் எதிரே நின்றுகொண்டிருந்தான். பார்த்துவிட்டான்.

திட்டியிருந்தால் ஜான்சன் பிழைத்திருப்பான். பரத் திட்டவில்லை. பேட்டை எடுத்துக்கொண்டு திரும்பி பிட்ச்சுக்கு நடந்தான். அங்கே அடுத்த மேட்ச்சுக்கு வந்த டீம் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. பரத் நேராகப் போய், ஈரக் கோட்டின் மேலேயே பேட்டை ஊன்றி, பந்தை எதிர்கொள்ள நின்றான்.

"அண்ணே" என்று அங்கிருந்து கூப்பிட்டான். "அந்த ஒண்ணப் போட்டுட்டுப் போ."

"யோவ், யாருய்யா நீ? கோடு அழியுது, வெளிய வாய்யா" என்று யாரோ கத்தினார்கள். பரத் திரும்பவில்லை. கிளம்பியவர்கள் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றார்கள். நெடுஞ்செழியன் பையை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய் எதிர் முனையில் நின்றுகொண்டான், ரன் ஓடத் தயாராக.

ஜான்சன் வெறுங்காலோடு எழுந்து போனான். மண் சுட்டது. அவனிடம் பந்து இல்லை. ஓடி வருகிற இடத்தை அளந்து திரும்பி நின்றபோது கையில் அந்தச் சோழிதான் இருந்தது. அந்தக் கோடியில் பரத் குனிந்து, பேட்டால் தரையை இரண்டு முறை தட்டினான்.