பதாகையின் தாழ்ந்த பக்கம்

கடற்காற்றில் பதாகை ஒருபுறம் சாய்கிறது, என் கையிலுள்ள கழி நிமிர்ந்து நிற்க, மறுகழியைப் பிடித்துவரும் மாடத்தி என் தோளுயரமே இருப்பதால், ‘திவான் ஒழிக’ என்று நான் தைத்த எழுத்துகள் அவள் பக்கமாக வழிகின்றன, தூக்கிப் பிடி மாடத்தி, கோணலா இருக்கு என்று அதட்டுகிறேன், கோணலா இருந்தாலும் திவானுக்குப் படிக்கத் தெரியும்க்கா என்று சிரித்தவாறே, உப்பு அரித்த பாதங்களை ஊன்றி நுனிக்காலில் எழுகிறாள், அந்தத் துணி என் அப்பா கொடுத்தது, மாடத்தி வேலைசெய்த உப்பளமும் அப்பாவுடையதே, விளைந்த உப்பையெல்லாம் தன் கிடங்கிலேயே கொட்டவேண்டும் என்று முதலாளிகளை மிரட்டியவனும், எதிர்த்துப் பேசிய தொழிலாளிகளைச் சிறையில் அடைத்தவனும் அந்த ஒரே திவான் ஆகையால், இரு தரப்பாரும் ஒரே போராட்டப் பந்தலில் அமர்ந்தார்கள், மாடத்தி கொடுத்த நீராகாரத்தைக் குடித்துவிட்டு, உப்புக் குறையுதே என்றார் அப்பா, ஊரு உப்பெல்லாம் ஒங்க அளத்துலல்லா கெடக்கு மொதலாளி என்றாள் அவள், பந்தலே அதிர, எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அப்பாதான்.

திவான் ஓடிப்போன நாளை நினைத்தால் தேர்தான் தெரிகிறது, தேரன்று ஓடினானா, அவன் ஓடியதே தேராயிற்றா, இன்றும் எனக்கு வரும் இந்தக் கனவு இரண்டையும் பிரித்துத் தர மறுக்கிறது, மறுநாள் விடியலில் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு அப்பா வாசலில் தொழிலாளிகள் முன் நிற்கிறார், பழைய கூலிக்கே எறங்குங்க, இனிமே நம்ம ஆட்சிதானே என்கிறார், நம்மன்னா யாரு மொதலாளி என்கிறாள் மாடத்தி, இம்முறை அவர் சிரிக்கவில்லை, அளத்துக்கு ஒருவரும் இறங்கவில்லை, பின்னொரு நண்பகலில் எங்கள் தெருவுக்குள்ளேயே அந்தப் பதாகை வருகிறது, என் எழுத்துகளைப் பிரித்துவிட்டு ‘கூலியை உயர்த்து’ என்று தைத்திருக்கிறார்கள், என் ஊசித்துளைகள் இன்னும் மூடவில்லை, என் கழியை ஆள்மாற்றி ஆள்மாற்றிப் பிடிக்கிறார்கள், ஒருவருக்கும் துணியை இழுத்துப் பிடிக்கத் தெரியவில்லை, மாடியில் என்னருகே நிற்கும் அப்பா என் மணிக்கட்டைப் பற்றுகிறார், போகாதம்மா, நீ போனா ஊரே நான் தோத்துட்டேன்னு சொல்லும் என்கிறார், எழுத்து மடிஞ்சிருக்குப்பா என்கிறேன், அவர் விரல்கள் மெல்லத் தளர்கின்றன, படியிறங்கித் தெருவில் கால்வைக்கும்போது மேலிருந்து அவர் குரல், வெயில் கொளுத்துது, முந்தானையைத் தலைல போட்டுக்கோ, போட்டுக்கொள்கிறேன், கழியை வாங்கித் துணியை விறைப்பாக இழுக்கிறேன், என்னைக் கண்டதும் மாடத்தி பழக்கத்தில் நுனிக்காலில் எழுகிறாள், வேண்டாம் என்று என் கழியைத் தோளளவுக்கு இறக்குகிறேன், அவள் குதிகால்கள் மண்ணில் பதிகின்றன, கடற்காற்றில் பதாகை நேராக நிற்கிறது.