நடுவில் வைத்த சதை

நர்ஸ் ஸெனெபெச் என் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். மகளுக்கு ஏற்றுவதற்காம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்.

“ஓட்டை பெருசு, பெரியவரே. ரெண்டு தடவை தைச்சும் பிரிஞ்சிருச்சு. இந்தத் தடவை நடுவுல நல்ல சதை வெச்சு மூடப்போறாங்க.”

யாருடைய சதை என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டு வகுப்பு படித்தவன் கேட்டால் சிரிப்பார்கள். ரத்தத்தை என்னிடம் எடுத்தவர்கள் சதைக்கு வேறு யாரிடம் போவார்கள்? கம்பை எடுத்துக்கொண்டு, வெயில் காயப் போகிறவன் போல வெளியே வந்தேன். நேரே பஸ் நிலையம். ஊர் பஸ் வந்தது, போனது. ஏறவும் துணிவில்லை. மூன்று நாள் அங்கேயே போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன்.

மகள் யெஷாரெக்கைப் பதினைந்து வயதில் கட்டிக்கொடுத்தவன் நான். மூன்று நாள் பிரசவ வலி. பிள்ளை செத்தே பிறந்தது. அதன் பிறகு உள்ளே ஓட்டை விழுந்து, மலம் முன்வழியாக ஒழுகியது. புருஷன் திருப்பி அனுப்பிவிட்டான். வீட்டில் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து இஞ்ஜெரா அப்பத்தைப் பிய்த்துத் தின்போம். அவளுக்கு மட்டும் மாட்டுக் கொட்டகையில் தனித் தட்டு. அதை வைத்தவனும் நான்தான். நாலு வருஷம்.

நாலாம் நாள் ஒரு ரொட்டியோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அவள் தொடையில் நீளமாகக் கட்டுப் போட்டிருந்தது.

“இங்கேருந்துதாம்ப்பா எடுத்தாங்க.”

பக்கத்துக் கட்டில்காரி சும்மா இருப்பாளா?

“உங்ககிட்ட எடுத்துருவாங்கன்னு ஓடிட்டீங்களாக்கும்? அந்த எலும்புல சதை எங்க இருக்கு, பெரியவரே?”

அந்த அறையே சிரித்தது. யெஷாரெக் சிரிக்கவில்லை.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்,” என்றாள் மெல்ல. “அப்பாவுக்கு வயசாயிருச்சு, அவர்கிட்ட எடுக்காதீங்கன்னு டாக்டர் கால்ல விழுந்தேன்.”

நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. நாற்றம் எதுவும் இல்லை.

அவளுக்கு இன்னும் கஞ்சித் தண்ணீர்தான். ஆனாலும் ரொட்டியை வாங்கி, மெத்தென்ற நடுப்பாகத்தைப் பிய்த்து உருட்டி, விருந்தாளிக்கு முதல் கவளம் ஊட்டுவது போல என் வாய்க்கு நேராக நீட்டினாள். அவள் கை பட்ட எதையும் இந்த நாலு வருஷமாக நான் தின்றதில்லை என்பது அவளுக்குத் தெரியும். நீட்டிய கையை அவள் இறக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். ஒரு துணுக்கு உதிர்ந்து என் தாடியில் விழுந்தது.