பீரங்கித் தீவில் கோட்டை குணமான விதம்

பீரங்கித் தீவின் பாழடைந்த கோட்டைக்கு, பல பத்தாண்டுகளாக இல்லாத கூரை, அந்த ஆண்டு மழை தொடங்குவதற்கு முந்தின வாரம் மறுபடி முளைத்தது. மெயின்லாண்டிலிருந்து வரவேண்டிய கப்பல் தாமதமாகி போர்ட் பிளேரில் வெங்காயம் விலையேறியதும் அதே வாரம்தான் என்பதால், ஊர் வெங்காயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

கோட்டை என்பது பயணிகளுக்காகச் சொல்வது. உண்மையில் அது ஒரு வெள்ளைக்கார அதிகாரி, மனைவியின் தலைவலிக்குக் கடல்காற்று நல்லது என்று கட்டிய பங்களா. ஒரு மூலையில் கோபுரம் மாதிரி ஒன்றை எழுப்பிவிட்டதால் பெயர் நிலைத்துவிட்டது. அதைத் தவிரத் தீவில் பார்ப்பதற்கு, ஒருமுறைகூடச் சுடாத பீரங்கியும், ஜப்பான்காரர்கள் விட்டுப்போன பதுங்குகுழியும், ஒரே அறையில் ஒரு மியூசியமும் உண்டு. மியூசியத்தில் துருப்பிடித்த பூட்டுகளும் சோடா பாட்டில்களும் யாருடையது என்று தெரியாத ஒரு பல்செட்டும் இருந்தன. பயணிகள் பல்செட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

மியூசியத்துக்குப் பொறுப்பு ஷாஹிதா. பயணிகளைப் படகில் கொண்டுவந்து இறக்குபவன் லாரன்ஸ். இருவருக்கும் ரிஜிஸ்டர் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் ஒரே வீட்டில் ஒருநாள்கூட இருந்ததில்லை. மரைன் ஹில்லில் ஜவுளிக்கடை அலி அக்பர் தன் மகளிடம், "வேலைக்குப் போ, வீட்டுக்கு வா. நடுவுல ஒண்ணும் நடக்கலன்னு வச்சுக்குவோம்" என்று சொல்லியிருந்தார். பம்பூஃப்ளாட்டில் லாரன்ஸின் அம்மா அன்னம்மாள் மகனுக்கு மட்டும் ஒரு தட்டு வைத்தாள். தினமும் சாயங்காலம் தீவிலிருந்து திரும்பியதும் இருவரும் சாத்தம் ஜெட்டி வரை ஒன்றாக நடப்பார்கள். அங்கே அவன் ஃபெர்ரி ஏறுவான், அவள் பஸ் பிடிப்பாள்.

வாடகைக்கு வீடு தேடாமலில்லை. டெலானிபூரில் ஒரு வீட்டுக்கார அம்மா இருவருடைய பெயரையும் கேட்டுவிட்டு, "ஃபேமிலிக்குத்தான் ரூம் தருவோம், பேட்டா" என்றாள்.

"நாங்க ஃபேமிலிதானே ஆண்ட்டி" என்றான் லாரன்ஸ்.

"அந்த மாதிரி ஃபேமிலி இல்ல" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். மற்ற வீடுகளில் தண்ணீரும் கிடைக்கவில்லை.

ஆகவே அவர்களுக்கென்று இருந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான். அந்த நேரத்தில் பயணிகள் கடற்கரையில் இளநீர் குடிப்பார்கள். இவர்கள் கோட்டையின் கூரையில்லாத கூடத்தில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த டப்பாவையும் அவன் கொண்டுவந்த டப்பாவையும் நடுவில் வைத்துச் சாப்பிடுவார்கள். வழக்கமாக எல்லாத் தம்பதிகளும் போடும் சண்டைகளையும் அந்த நேரத்துக்குள்ளேயே போட்டு முடிக்க வேண்டியிருந்தது.

கூரைதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதற்கு முன்பே, ஷாஹிதாவின் முகத்தில் வெயில் அடிக்கும் பக்கம் சுவர் ஓர் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. லாரன்ஸ் சாய்ந்து உட்காரும் தூணின் விரிசல் மூடியிருந்தது. சுவரைப் பிளந்து நின்ற ஆலமர வேர்கள், பஸ்ஸில் இடம் கொடுப்பவர்களைப்போல ஒதுங்கிக்கொண்டன. கூரைக்குப் பிறகு ஜன்னல்கள் வந்தன, கடைசியாக ஓர் அடுப்படி வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுநாள் லாரன்ஸ் ஸ்டவ் கொண்டுவந்தான்.

பயணிகளுக்குத்தான் கோபம். இடிபாடு பார்க்க வந்தவர்களுக்கு வெள்ளையடித்த வீட்டைக் காட்டினால் எப்படி? புகார் போய், சுற்றுலா அலுவலகத்திலிருந்து உதயசூரியன் என்ற இன்ஜினியர் வந்தார். திருச்சிக்காரர், மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆனவர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு புதுசா இருந்தா யாருங்க வருவாங்க? பழையபடி இடிச்சிருங்க. ஆனா அழகா இடிங்க" என்று உத்தரவிட்டார். கூலியாட்கள் பகலெல்லாம் அழகாக இடித்தார்கள். காலையில் பார்த்தால் எல்லாம் பழையபடி எழும்பி நின்றது, கூடுதலாக ஒரு திண்ணையும் இருந்தது.

அடுப்படியில் ஏலக்காய் வாசனை அடித்ததை இன்ஜினியர் அப்போதுதான் கவனித்தார். விசாரித்ததில் ஷாஹிதா மறைக்கவில்லை. "மத்தியானம் நாங்க இங்கதான் சாப்பிடுவோம், சார். எங்களுக்கு வேற எடம் இல்ல."

இனி உள்ளே கால் வைத்தால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஷாஹிதா மியூசியத்தில் பல்செட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். லாரன்ஸ் படகிலேயே சாப்பிட்டான், பல நாள் சாப்பிடவில்லை. கோட்டையும் சரிய ஆரம்பித்தது. ஆனால் பயணிகள் விரும்புகிற கம்பீரமான சரிவு அல்ல. சுவரில் பூஞ்சை பூத்தது, கதவுகள் உப்பிக்கொண்டன, கூரை எல்லா அறைகளிலும் ஒழுகியது. மறுபடி பார்வையிட வந்த உதயசூரியனின் காலடியில் ஜன்னல் சட்டமொன்று பெயர்ந்து விழுந்தது. அவர் அதை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அவருடைய மனைவியும் வேலை காரணமாகத் திருச்சியிலேயே தங்கிவிட்டவள் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

"யாராவது குடியிருந்தாத்தான் இது ஒழுங்கா இருக்கும்போல. காவலுக்கு ஆள் வேணும். நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கறீங்களா?" என்று கேட்டார். ஷாஹிதா, "பாய் வாங்கணும்" என்றாள்.

குடியேறிய வாரத்திலேயே பூஞ்சை போய்விட்டது. பயணிகள் இப்போது கோட்டையைவிட, கோட்டையில் குடியிருப்பவர்களைப் பார்க்க வந்தார்கள். கோபுரத்தில் கருவாடு காய்ந்தது. கொல்கத்தாக்காரர்கள் ஷாஹிதாவின் அடுப்படியில் நின்று படமெடுத்துக்கொண்டு, அப்படியே அலி அக்பர் கடையில் துணி வாங்கப் போய், அந்தப் படங்களை அவரிடமே காட்டினார்கள். "பஹுத் அச்சா கிச்சன்" என்றார்கள். ஊர் பேர் தெரியாதவனெல்லாம் மகளின் அடுப்படியைப் பார்த்துவிட்டான், தான் பார்க்கவில்லையே என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வேறொருவருடைய படகில் ஏறினார். எதிர்ப்பலகையில் மீன்பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அது அன்னம்மாள் என்று அவருக்குத் தெரியும், இவர் யாரென்று அவளுக்கும் தெரியும். தீவு வரும்வரை இருவரும் கடலைப் பார்த்தார்கள். இறங்கும்போது படகு ஆடியதில் அவர் மீன்பையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று, பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க மறந்து சுமந்துகொண்டே போனார். வாசலில் நின்ற ஷாஹிதா, "வாப்பா" என்றாள். அவர், "டிக்கெட் எங்க எடுக்கணும்?" என்று கேட்டார்.

பார்வையிட வந்திருந்த உதயசூரியன் உள்ளறையில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். நேற்றுவரை வெறுமையாக இருந்த உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி முளைத்திருந்தது. "சரவிளக்கு மாட்டுறதுக்கு. வெள்ளக்காரங்க பழக்கம்" என்றார்.

அன்னம்மாளும் அண்ணாந்து பார்த்தாள். "வெளக்குக்கு இல்ல சார். தொட்டிலுக்கு."

லாரன்ஸ் மனைவியைப் பார்த்தான். "எனக்கே இன்னிக்குக் காலைலதான் தெரியும்" என்றாள் அவள் தரையைப் பார்த்தபடி. அலி அக்பர் மீன்பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறி, கொக்கியை இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அது தாங்கியது. "மெல்லிசாக் காட்டன் சேலை ஒண்ணு கடையில கெடக்கு" என்றார் இறங்கும்போது, யாரிடம் என்றில்லாமல். அன்னம்மாள் மீனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலை கோபுரப் படிக்கட்டின் அடியில், தவழ்கிற குழந்தை ஏறிவிடாத உயரத்துக்கு, தாழ்ப்பாளோடு ஒரு சின்ன மரக்கதவு வந்திருந்தது. ஷாஹிதா அதைச் சாத்திப் பார்த்துவிட்டு மியூசியத்தைத் திறக்கப் போனாள்.