கவுஞ்சி முருகேஸ்வரியின் ஒரு நிமிடம்

மலைக்கிராமமான கவுஞ்சியில் காரட்டும் பூண்டும் பயிர் போடுகிற முருகேஸ்வரிக்கு நாற்பத்தோரு வயதில் முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். கணவர் செல்லப்பாண்டிதான் தலை பின்னிவிடுவார். ஐந்து வருடமாக மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கொஞ்ச நாள் கேட்கும். பிறகு மூட்டுகள் மறுபடி வீங்கிக்கொள்ளும்.

மதுரையில் அவளைப் பார்த்துவந்த டாக்டர் ஜெயப்பிரியா ஒரு புதுச் சிகிச்சைக்கான சோதனை பற்றிச் சொன்னார். மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக வயிறுவரை இறங்கும் நரம்புக்கு வேகஸ் என்று பெயர். உடம்புக்குள் அழற்சி கிளம்பினால் மூளைத்தண்டுக்குத் தகவல் கொண்டுபோவது அது. அங்கிருந்து அடங்கச் சொல்லும் பதிலை நோய் எதிர்ப்புச் செல்களிடம் சேர்ப்பதும் அதுதான். அந்த நரம்பின் மேல் மாத்திரை அளவுக் கருவி ஒன்றை வைத்து, தினமும் ஒரு நிமிடம் தூண்டிப் பார்ப்பார்களாம். கருவியை எல்லோருக்கும் வைத்தாலும் பாதிப் பேருக்கு அது உடனே ஓடும், மீதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மூன்று மாதம் கழித்துத்தான். யாருக்கு எது என்று அதுவரை தனக்கும் தெரியாது என்றார் டாக்டர். பேனாவைப் பிடிக்க முடியாமல் முருகேஸ்வரி சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைத்தாள்.

கருவியை உள்ளே வைத்துப் போட்ட கழுத்துத் தையல் ஆறியது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதமும் அப்படியே. மூன்றாவது மாதம் முழங்காலும் வீங்கியது. தனக்கு உடனே ஓடவிட்டிருப்பார்கள் என்றே நம்பியிருந்தவள், இதுவும் கைவிட்டுவிட்டது என்று முடிவுகட்டினாள். மூன்று மாதம் முடிந்ததும் கணவருடன் மதுரைக்கு பஸ் ஏறினாள்.

"இத எடுத்துருங்கம்மா. எனக்கு ஒத்துக்கிரல" என்றாள் டாக்டரிடம்.

ஜெயப்பிரியா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"ஒங்களுது இன்னும் ஓடவே இல்லங்க. இன்னைக்குத்தான் ஆன் பண்ணப் போறோம்."

முருகேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. தோற்றுப்போனதாக நினைத்தது இன்னும் தொடங்கவேயில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு ஓடும்படி வைத்து அனுப்பினார்கள். மறுநாள் வீட்டில் வெந்நீர் போடச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதியில் அவள் குரல் கரகரத்தது. கருவி நரம்பைத் தூண்டும்போது அப்படி ஆகும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார்.

"என்னங்க, ஓடுது."

செல்லப்பாண்டி அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒரு நிமிடத்தில் குரல் திரும்பியது.

ஐந்தாவது வாரம், பால் பொங்குவதற்குள் விரல்கள் மடங்கின. ஏழாவது வாரம் தலையைத் தானே பின்னிக்கொண்டாள், கொஞ்சம் கோணலாக. அடுத்த ரத்தப் பரிசோதனையில் அழற்சி அளவு பாதியாகியிருந்தது. மாத்திரையை நிறுத்தக் கூடாது, எல்லோருக்கும் இப்படிக் கேட்பதும் இல்லை என்று டாக்டர் எச்சரித்தார். அவள் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் கவுஞ்சியில் இறங்கியவள் நேராகத் தோட்டத்துக்குப் போய்க் களை எடுக்க உட்கார்ந்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டார் செல்லப்பாண்டி.

"நீங்க போங்க. இந்தப் பாத்திய முடிச்சுட்டு வாரேன்."

அவர் போகவில்லை. பக்கத்துப் பாத்தியில் உட்கார்ந்தார்.