சிஸுரு சொன்ன காரணம்

ஜப்பானின் தோயாமா நகரில் டிராம் வண்டிகளைப் பழுதுபார்க்கும் குனியாகிக்கு ஒரு வருஷமாகச் சோறு சரியாக இறங்கவில்லை. விவாகரத்துக்குப் பிறகு தாய் சயோகோவிடம் வளரும் எட்டு வயது மகள் சிஸுரு, அப்பாவைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னவள் சொன்னவள்தான். மாதம் ஒரு ஞாயிறு என்றிருந்த வழக்கம் அப்படியே நின்றுபோனது. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள்.

சயோகோதான் பிள்ளையின் மனதைக் கலைத்துவிட்டாள் என்று அவன் நம்பினான். இவன் ஏதோ செய்து மிரட்டியிருக்கிறான் என்று அவள் நம்பினாள். மகளைப் பார்க்க அனுமதி கேட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டான். மூன்று தடவை சமரசப் பேச்சு நடந்தும் ஒன்றும் நகரவில்லை. அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு வா என்று எந்த நீதிபதியும் எழுத மாட்டார் என்று அவனுடைய வக்கீலே சொல்லிவிட்டார்.

பிறகு நீதிமன்றத்தின் விசாரணை அலுவலர் நுமாதா என்ற அம்மாள் வந்தார். அவசரம் தெரியாத மனுஷி. சிஸுருவோடு இரண்டு நாள் சும்மா காகிதம் மடித்து விளையாடினார். மூன்றாம் நாள் அவளாகவே பேசினாள்.

அவருடைய அறிக்கையைக் குனியாகி வக்கீல் அலுவலகத்தில் நின்றபடியே படித்தான். கடைசியாகச் சந்தித்த அந்த ஞாயிறன்று மகளை உவோஸு மீன்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருந்தான். திரும்பும்போது பனியில் ரயில் நின்றது, கைப்பேசியும் அணைந்துவிட்டது. மூன்று மணி நேரத் தாமதம். பயந்துபோன சயோகோ போலீஸுக்குச் சொல்லியிருந்தாள். அவள் வீட்டு வாசலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் அவனைத் தங்கள் வண்டியில் உட்காரவைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். அவனுக்கு அது பத்து நிமிஷச் சங்கடம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சிஸுருவுக்கு அப்படி இல்லை.

அவள் சொன்னதை நுமாதா அப்படியே எழுதியிருந்தார்: "நான் அப்பாகூடப் போனா போலீஸ் அப்பாவப் புடிச்சிடும். போகலன்னா புடிக்காது. அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க, அவங்கதானே போலீஸக் கூப்பிட்டது."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். மகள் வெறுக்கவில்லை, அவனைக் காப்பாற்றத்தான் இத்தனை நாள் ஒளிந்திருக்கிறாள். கண்ணில் நீர் முட்டியது. கொஞ்ச நேரம் கழித்து, சயோகோவைப் பற்றி ஊரெல்லாம் தான் பேசித் திரிந்தது நினைவுக்கு வந்து கூசியது.

அடுத்த விசாரணையன்று சயோகோ தாழ்வாரத்தில் அவனை நிறுத்தினாள்.

"நீங்க என்ன பண்ணீங்கன்னுதான் அவளத் துருவித் துருவிக் கேட்டேன். உனக்கு என்ன பயம்னு ஒரு தடவகூடக் கேக்கல."

"நான் மட்டும் என்ன? நீதான் சொல்லிக்குடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். தப்புதான்."

தீர்ப்பு அவசரப்படவில்லை. முதல் மூன்று மாதம் கடிதம் மட்டும். பிறகு மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம்; முதல் சந்திப்புகளில் தாயும் கூட இருக்க வேண்டும்; தாமதமானால் எப்படித் தகவல் சொல்வது என்பதுகூட எழுதியிருந்தது. கேட்டதைவிடக் குறைவுதான். வக்கீல் மேல்முறையீடு பற்றிக் கேட்டபோது, வேண்டாம், இதுவே போதும் என்றான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மதியம், ஆற்றங்கரைப் பூங்காவில் சிஸுரு அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நாலு விரல் உயரம் வளர்ந்திருந்தாள்.

"இன்னிக்கு போலீஸ் வருமா?"

"வராது. ரெண்டு பேரும் பாக்கலாம்னு நீதிபதி எழுதியே குடுத்துட்டார்."

"எங்க, காட்டு."

தீர்ப்பின் நகலை எடுத்துக் கொடுத்தான். பாதி எழுத்து அவளுக்குப் புரியவில்லை. சயோகோ பெஞ்சில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்னாள். 'தந்தையும் மகளும் சந்திக்கலாம்' என்ற வரியை மட்டும் சிஸுரு இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு காகிதத்தை மடித்து அவனிடமே கொடுத்துவிட்டு, ஊஞ்சலைத் தள்ளிவிட ஆள் வேண்டும் என்றாள்.

வீடு திரும்பும் வழியில் குனியாகி ஒரு நூடுல்ஸ் கடையில் நுழைந்தான். ஒரு கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று கொண்டுவரச் சொன்னான்.