முப்பதடி ஆழத்திலிருந்து ஒரு பேச்சு

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. துறைமுகத்தில் கப்பல் அணையும் பழைய ஜெட்டியை ஒட்டிக் கட்டியிருந்த வள்ளத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுப்ரஜா குத்தவைத்திருந்தாள். ஆழ்வார்திருநகரிக்காரி, எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டு அவள் செய்த அலுமினியப் பெட்டிக்கு இன்றுதான் சோதனை.

கீழே, முப்பதடி ஆழத்தில், ஜெட்டித் தூண்களில் விரிசல் இருக்கிறதா என்று முக்குளிக்கிற ஏசுவடியான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷமாக அவனுக்கும், மேலே கயிறு பிடிக்கும் அவன் மனைவி செல்வராணிக்கும் பேச்சு என்றால் கயிற்றை இழுப்பதுதான். ஒரு இழுப்பு, நலம். நாலு இழுப்பு, தூக்கு. இப்போது அவன் முகமூடிக்குள் மைக் இருந்தது. ஆனால் வள்ளத்து என்ஜின் ஓடினால்தான் குழாய் வழியே அவனுக்குக் காற்று. என்ஜின் ஓடினாலோ அதன் இரைச்சல் பேட்டரி ஒயர் வழியே ஏறி, பேச்சை அப்படியே விழுங்கிவிடும்.

அதற்குத்தான் அலுமினியப் பெட்டிக்குள் இந்த ஐசொலேட்டட் கன்வர்ட்டர், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் கருவி. பேட்டரிப் பக்கமும் பேச்சுக்கருவிப் பக்கமும் ஒயரால் தொட்டுக்கொள்ளாது. நடுவில் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர். மின்சாரம் காந்தமாகி மறுபக்கம் போய்த் திரும்ப மின்சாரமாகும். இரைச்சலுக்கு ஏறிப்போக ஒயரே கிடையாது.

"அண்ணாச்சி, கேக்கறதா?" என்றாள் சுப்ரஜா, கையிலிருந்த மைக்கில்.

ஹெட்போனில் கொர்ர்ர்ர்.

"பழைய கததானா பாப்பா?" என்றாள் செல்வராணி.

சுப்ரஜா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டு மேசையில் நேற்றுகூட ஒழுங்காக வேலை செய்ததே! இங்கே என்ன மாறிப்போச்சு? அலையில் ஆடாமலிருக்க, பெட்டியை என்ஜினின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். சட்டென்று மல்டிமீட்டரை எடுத்தாள். ஒரு முனையை என்ஜினில் வைத்தாள், மறுமுனையைக் கருவிப் பக்கத்து மைனஸில்.

பீப்! இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

"ஐயோ, நான் ஒரு மண்டு!" என்று கத்தினாள். கருவிப் பக்கத்து மைனஸைப் பெட்டியின் உடம்போடு சேர்த்தவள் அவள்தான். பெட்டி இப்போது போல்ட் வழியே என்ஜினோடு கைகோத்து நின்றது. பிரித்து வைத்த இரண்டையும் அவளே சேர்த்து வைத்திருக்கிறாள்!

ஸ்பானரால் போல்ட்டுகளைக் கழற்றி எறிந்தாள். "அக்கா, அடியில வைக்க ரப்பர் ஏதாவது வேணும், உடனே!"

செல்வராணி கயிற்றை விடாமலே காலை உதறினாள். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்து விழுந்தது. அதன்மேல் பெட்டியை வைத்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள் சுப்ரஜா. திரும்பவும் மீட்டர். சத்தமில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைத் திருகினாள்.

முதலில் மூச்சு கேட்டது. பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு குரல்.

"ஏலே நண்டு, தள்ளிப் போலே. ஒன் வீட்டயா புடுங்குதேன்?"

சுப்ரஜா சந்தோஷத்தில் போட்ட கூச்சலில் ஜெட்டியில் இருந்த காக்கைகள் பறந்தன. செல்வராணி வாயைப் பிளந்தாள். "இந்த மனுசன் கடலுக்குள்ள இம்புட்டுப் பேசுதாரா? வீட்டுல வாயே தொறக்க மாட்டாரே!" மைக்கைப் பிடுங்கினாள். "ஏங்க!"

"ஆத்தாடி! யாரது?"

"ஒம்ம பொண்டாட்டிதான். நண்டுகிட்ட என்ன வம்பு?"

கீழே குமிழிகள் படபடத்தன. அவன் சிரிக்கிறான். பிறகு குரல் மாறியது. "ராணி, எழுதிக்கச் சொல்லு. மூணாம் தூணுல ஒரு முழத்துக்கு வெடிப்பு. கம்பி வெளிய தெரியுது."

சுப்ரஜா பேனாவைத் தேடினாள். கிடைக்கவில்லை. கண்ணுக்கு மையிடும் பென்சிலால் உள்ளங்கையில் கிறுக்கினாள்.

"வேற என்ன இருக்கு அங்கன?" என்றாள் செல்வராணி.

"சாளை மீனு கூட்டமா வருது. எண்ணவே முடியாது. வெள்ளித் தகட்டத் திருப்புன மாதிரி அப்படியே திரும்புது, பாத்துக்க..."

செல்வராணி ஸ்பீக்கருக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "மெதுவாச் சொல்லும்," என்றாள். "மொதல்ல இருந்து சொல்லும்."